கயிறு மறைத்த மூலை

என்னிடம் ஸ்டூல் வாங்கிய ஒரு டீச்சர், அது சாய்ந்து தன் வீட்டில் கீழே விழுந்ததற்குக் கயிற்றுப் பின்னல் காரணமில்லை. நான் பொருத்திய சட்டம்தான் காரணம். அப்போது இதற்கு நேர்மாறாகச் சொன்னேன். பலரிடம் சொன்னேன். கேட்டவர்கள் இன்னும் பலரிடம் சொல்லியிருப்பார்கள். அந்தப் பொய் எங்கெங்கே போயிற்று என்று தேடிப்போய் ஒவ்வொருவரிடமும் மறுக்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. பிழைப்புக்கு வேறு வேலை உண்டு. மரவேலை ஆசைக்குத் தொடங்கியது. தெரிந்தவர்கள் கேட்கக் கேட்க விற்பனையும் சேர்ந்துகொண்டது. நான் செய்து விற்றது ஒரே சாமான்தான், ஸ்டூல்: நான்கு கால், மேலே நான்கு சட்டம், கீழே நான்கு சட்டம், உட்காரும் இடத்தில் பலகைக்குப் பதிலாகப் பருத்திக் கயிற்றுப் பின்னல். மரவேலை என்னுடையது. பின்னல் ஒரு பெரியவருடையது. பனைமட்டையில் நார் கிழித்து, ஊறப்போட்டு, கட்டில் பின்னிப் பின்னியே தலை நரைத்தவர். பெயரைப் போட அவருக்கு விருப்பமில்லை. அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் கட்டில் பின்னக் கொடுத்தவர்களுக்கு யாரென்று தெரியும். அவர்களுக்குத்தான் இது முக்கியமாகப் போய்ச்சேர வேண்டும்.

பின்னலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நான் செய்த தப்பு விளங்காது.

இருக்கையின் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு முக்கோணங்கள் கிளம்பி நடுவில் சந்திக்கும். தபால் உறையின் பின்பக்கம் போல இருக்கும். கயிற்றை முன்சட்டத்தின் மேலாகக் கொண்டுபோய், அடிவழியாகச் சுற்றி, நடுவில் மேலே எடுத்து, பக்கத்துச் சட்டத்தின் மேல் போட்டு, அடியிலேயே எதிர்ச்சட்டத்துக்கு இழுத்துப் போக வேண்டும். அங்கேயும் இதே வேலை. நான்கு மூலையும் முடிந்தால் ஒரு சுற்று. 40 செ.மீ. சதுர இருக்கைக்கு 4 மி.மீ. கயிறு 100 மீட்டருக்கு மேல் பிடிக்கும். மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே ஒரு பை உண்டாகும். அதில் அட்டையையோ தேங்காய் நாரையோ திணித்துக்கொண்டே பின்னுவார்கள். இல்லாவிட்டால் இழைகள் சட்டத்தின் உள்விளிம்பில் உரசித் தேயும். அதற்காகவே சட்டத்தின் விளிம்பை உருட்டி இழைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மேல்சட்டம் நான்கும் கண்ணுக்கே தெரியாது. மரம் என்ன கதியில் இருக்கிறது என்பது அதைச் செய்தவனுக்கும் பின்னியவருக்கும் மட்டும்தான் தெரியும்.

கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத் தனிக்கயிறு ஓட்டியிருப்பார்கள். பின்னல் தொய்ந்தால் அதை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஸ்டூலில் அந்த வசதி இல்லை. பின்னும்போது கொடுத்த இறுக்கம்தான் கடைசிவரைக்கும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 100 இழை. இழைக்கு 2 கிலோ இழுவை என்று வைத்துக்கொண்டாலும், ஆள் உட்காருவதற்கு முன்பே ஒவ்வொரு சட்டத்தையும் 200 கிலோ உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தாங்கி நிற்பது, சட்டத்தின் நுனியைக் குறுக்கிச் செதுக்கிய கழுந்தும், காலில் அது போய் உட்காரும் துளையின் உள்பக்கச் சுவரும்தான். பின்னுகிறவர் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாக இழுத்துப் பின்னுகிறாரோ, மரவேலைக்காரன் அவ்வளவுக்கு அவ்வளவு யோக்கியமாகத் துளை எடுத்திருக்க வேண்டும். அண்ணாச்சி நன்றாக இழுத்துப் பின்னுகிறவர்.

இந்த ஸ்டூலின் மேல் எனக்கு ஆசை வந்தது ஒரு படத்தைப் பார்த்து. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த நாற்காலி. 1950 முதல் இன்றுவரை செய்து விற்கிறார்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் சுமார் 120 மீட்டர் முறுக்கிய காகிதக் கயிறு, கையாலேயே பின்னுகிறார்கள். வாங்க வருகிறவர்களிடம் இந்தக் கதையை விரிவாகச் சொல்வேன். ஜார்ஜ் நகாஷிமாவின் கதையையும் சொல்வேன். புல் முறுக்கிப் பின்னிய இருக்கையோடு நாற்காலி செய்தவர். அதற்கு முன், 1930களின் பிற்பகுதியில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டிட வேலையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர். நம் ஊர் மண்ணை மிதித்தவர் என்று சேர்த்துக்கொண்டால் கேட்கிறவர்களுக்கு இன்னும் பிடிக்கும்.

இந்த இரண்டு கதையிலும் எனக்கு உறுத்த வேண்டிய பகுதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெக்னர் 14 வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பழகப் போனவர். நகாஷிமா கட்டிடக்கலை படித்துத் தேர்ந்த பிறகு, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தவரை அடைத்துவைத்த மினிடோகா முகாமில், தன்னோடு அடைபட்டிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரவேலை நுணுக்கங்களைப் பழகினார். நான் யாரிடமும் பழகவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆசாரி வீடு இருக்கிறது. போய்க் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பார். படங்களைப் பார்த்தே வந்துவிடும் என்று நினைத்தேன். கேட்பது எனக்குக் குறைச்சல் என்றும் நினைத்தேன். இரண்டாவது காரணம்தான் பெரியது.

டீச்சர் ஓய்வுபெற்றவர். புது வீடு கட்டிக் குடிபோகிற சமயம். பூஜை அறையில் உட்கார, சமையலறையில் காய் நறுக்க, திண்ணையில் போட என்று சில ஸ்டூல்கள் கேட்டார். பால் காய்ச்சுகிற நாளுக்கு முன்னால் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கையில் காய்ந்த மரம் இல்லை. மரவாடிக்குப் போனேன். வேம்பு இருந்தது. "இது பச்சை சார். அறுத்து நிழல்ல அடுக்கிப் போடுங்க. அவசரத்துக்கு ஆகாது" என்று கடைக்காரர் தெளிவாகவே சொன்னார். வாங்கிவந்து மறுவாரமே இழைத்தேன்.

பச்சை மரம் செய்கிற கெடுதல் உடனே தெரியாது. மரத்திலுள்ள ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை அளவில் மாற்றமே இருக்காது. அதற்குக் கீழே போகும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். வீட்டுக்குள் இருக்கிற சாமானில் ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டி வந்து நிற்கும். அதுவரைக்கும் சுருங்கிக்கொண்டே போகும். நீளத்தில் அநேகமாக இல்லை, குறுக்கில்தான். கழுந்து மெலியும். பட்டறையில் கொட்டாப்புளியால் தட்டி இறக்கிய கழுந்து, சில மாதத்தில் அதே துளைக்குள் ஆடும். தெரிந்தவர்கள் இதையே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வார்கள்: கழுந்தை நன்றாகக் காயவைத்து, காலில் மட்டும் கொஞ்சம் ஈரம் விட்டு இறக்குவார்கள். கால் காய்ந்து சுருங்கும்போது கழுந்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். என் ஸ்டூல்களில் இரண்டும் பச்சை.

ஆனால் டீச்சர் விழுந்த ஸ்டூலில் நடந்தது இதைவிட மோசம். ஒன்றரை இஞ்ச் கனமுள்ள கால். அதன் இரண்டு முகத்திலும் ஒரே உயரத்தில் துளை எடுத்தேன். அப்படி எடுத்தால் இரண்டு துளையும் உள்ளே போய் ஒன்றையொன்று முட்டும். தொழில் தெரிந்தவர் ஒரு ஜோடிச் சட்டத்தை அரை இஞ்ச் கீழே இறக்கிப் பொருத்துவார். அல்லது கழுந்துகளின் நுனியைச் சாய்வாகச் சீவி, இரண்டும் உள்ளே முகத்தோடு முகம் சேரும்படி செய்வார். நான் நேராகக் குடைந்துகொண்டே போனேன். இரண்டு துளைக்கும் நடுவிலிருந்த உள்மூலை, கட்டைவிரல் அகலத்துக்குப் பிளந்து விழுந்தது. கயிற்றின் இழுவை முழுவதையும் தாங்க வேண்டிய சுவர் அதுதான். பார்த்ததும் தெரிந்தது. அந்தக் காலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கால் எடுத்திருக்க வேண்டும்.

மரத்தூளில் ஃபெவிகாலைக் குழைத்து அந்த இடத்தை அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வண்ணம் தடவினேன். இது பட்டறை தோறும் செய்கிற வேலைதான். ஆணிப்புள்ளியை மூடவும் கீறலை மறைக்கவும் செய்வார்கள். பாரம் தாங்குகிற இடத்தில் செய்யமாட்டார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. மேலே கயிறு வந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. சட்டத்தில் முதல் முடிச்சைப் போட்டு இழுத்தவர் கையை நிறுத்தினார். அந்த மூலையைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"தம்பி, இந்த மூல ஒரு மாதிரி இருக்கே. கயித்துக்கு நிக்குமா?"

"அதெல்லாம் நிக்கும் அண்ணாச்சி. பசை போட்டிருக்கு. நீங்க பின்னுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மரம் என் பொறுப்பு. அதில் தலையிடுவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். பின்னிக் கொடுத்தார். வழக்கம் போலவே நன்றாகப் பின்னினார்.

சில மாதம் கழித்து டீச்சரின் மகன் போன் செய்தார். ஸ்டூலில் உட்காரப் போன அம்மா சரிந்து விழுந்து, ஊன்றிய கையில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். ஸ்டூல் திண்ணை ஓரத்தில் கிடந்தது. ஒரு பக்கச் சட்டம் உள்ளே திரும்பிவிட்டதால் அந்தப் பக்கத்து இழைகள் எல்லாம் தொளதொளவென்று தொங்கின. விவரம் தெரியாத யார் பார்த்தாலும் பின்னல்தான் விட்டுவிட்டது என்பார்கள். மகன் அப்படித்தான் கேட்டார்: "கயிறு சரியாக் கட்டலியோ?"

மூலையைத் தொடாமலே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பின்னல்லதான் ஏதோ கோளாறு. பின்னினவருக்கு வயசாயிட்டு. நான் கேக்கேன்" என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லவைக்கவில்லை. நானே சொன்னேன். அவருடைய வயதையும் நானேதான் இழுத்தேன். அங்கே உறவினர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் வீட்டு நார்க்கட்டில்களை மறுபடி பின்ன அண்ணாச்சியிடம் சொல்லிவைத்திருந்தவர். அவர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஸ்டூலை வீட்டுக்கு எடுத்துவந்து கயிற்றை உருவினேன். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. ஒரு முடிச்சுகூட நழுவியிருக்கவில்லை. மூலையில் நான் அடைத்த மரத்தூள் கட்டியாகக் கழன்று கையோடு வந்தது. மரத்தைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். விறகு மிச்சம் என்பதற்காக இல்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

இரண்டொரு நாளில் அண்ணாச்சி வந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கோபமாக வந்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் கோபமாக வரவில்லை.

"அந்தக் கயித்த ஒருவாட்டி பாத்துட்டாப் போதும் தம்பி. எந்த இடத்துல விட்டுச்சின்னு தெரிஞ்சா அடுத்தவாட்டி சரி பண்ணிக்கிடுவேன்."

"குப்பையில போட்டாச்சு அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் நின்றார். "அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு ஆயிருக்கும். எங் கூலியில பிடிச்சுக்கிடுங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பொய் சொன்னதற்கு அந்த நேரத்துப் பயத்தைக் காரணமாகச் சொல்லலாம். மரத்தை எரித்ததற்கும் அதையே சொல்லலாம். ஒரு கிழவரின் கூலியில் என் தப்புக்கான பணத்தைக் கழித்துக்கொண்டதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

அதன்பிறகு அவர் பின்னிய முறையே மாறிப்போயிற்று. முன்பு கயிற்றை இழுப்பார், இறுக்கத்தைக் கையாலேயே அறிந்து அடுத்த சட்டத்துக்குப் போய்விடுவார். இப்போது ஒவ்வொரு சுற்றையும் தட்டிப் பார்த்தார், சந்தேகப்பட்டுப் பிரித்தார், மறுபடி போட்டார். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை சட்டத்தின் உள்பக்கம் சின்ன ஆணி அடித்துக் கயிற்றைப் பிடிக்கவைத்தார். அது தேவையே இல்லாத வேலை. தேவையில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்குத் தோல் உரிந்து, துணி சுற்றிக்கொண்டு பின்னினார். பிறகு, "கண்ணு சரியாத் தெரியல, கை முன்ன மாதிரி பிடிக்கல, வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி நின்றுவிட்டார். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் கையின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பறித்தது நான். கட்டில் வேலை போன நஷ்டத்தைப் பணமாகக் கணக்குப் போட்டுத் திருப்பலாம். இதை எதைக் கொண்டு திருப்புவது?

உண்மையைச் சொல்ல முதலில் போனது டீச்சரிடம். அதிலும் என் கோழைத்தனம்தான். அவரிடம் பணத்தோடு போய் நிற்கலாம் என்பதால் அந்த வாசல் சுலபமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மூலை, மரத்தூள், அடுப்பு எல்லாம். கட்டுப் பிரித்திருந்த கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் நீட்டிய உறையைத் தொடவில்லை.

"அவர்ட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"மொதல்ல அங்க போங்க."

அன்று மாலையே போனேன். அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். இடையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகு, "கயிறு அறுந்து போகலியே?" என்றார். அறுந்துபோகவில்லை என்றேன். முடிச்சு? அதுவும் விடவில்லை என்றேன். அதையே மறுபடியும் கேட்டார். பிறகு, "அந்த மூலயில கை வச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுது. நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது" என்றார். என் தப்பில் தனக்கும் பங்கு தேடிக்கொண்டார். அதை நான் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்காதீர்கள். அவர் கேட்டார். பொய்யான பதில் சொன்னது நான்.

பிடித்த கூலியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. டீச்சரின் கை தேறிவிட்டதா என்று மட்டும் விசாரித்தார்.

நான் இப்போது ஸ்டூல் விற்பதில்லை. ஆசாரி வீட்டுக்குப் போகிறேன். துளை எடுக்கப் பழகுகிறேன். வீணான கட்டைத் துண்டுகளில்தான் கை ஓட்டவிடுகிறார். மரம் வாங்கிப் போட்டது காய்ந்துகொண்டிருக்கிறது. அது காய்கிறவரைக்கும் அதைத் தொடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

கட்டில் பின்னக் கொடுக்க நினைத்து, என் பேச்சைக் கேட்டு நிறுத்திவைத்தவர்கள் இதைப் படித்தால், அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பின்னுவதும் மறுப்பதும் அவர் இஷ்டம். ஆனால் நீங்கள் போய்க் கேட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

என்னிடம் ஸ்டூல் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்களைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கிறீச்சென்று சத்தம் கேட்டாலோ கால் ஆடினாலோ அதில் யாரையும் உட்காரவிடாதீர்கள். ஆடாவிட்டாலும், மூலையில் கயிற்றை விரலால் ஒதுக்கி, சட்டம் காலோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். மரத்தின் ரேகை இல்லாமல் மழமழவென்று வேறு நிறத்தில் திட்டு இருந்தால் அது நான் அடைத்த இடம். என்னிடம் கொண்டுவாருங்கள், கொண்டுவர முடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கொடுத்த பணத்தை முழுதாகத் திருப்பித் தருவேன். கயிற்றை மட்டும் வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள். அது நல்ல கயிறு. இன்னொரு இருக்கைக்கு ஆகும்.